குலுக்கல் முறையில் ஒரு குடிமக்கள் அவை: முதல்முறை நடத்துவோருக்கு

தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து அடுத்த தேர்தல் வரை சாதாரண மனிதருக்கு ஆட்சியில் என்ன வேலை? மனு கொடுக்கலாம், போராடலாம், இணையத்தில் கோபத்தைக் கொட்டலாம். இவை எல்லாமே தேவைதான். ஆனால் சிக்கலான ஒரு விஷயத்தை உட்கார்ந்து படித்து, எதிர்க்கருத்து உள்ளவரோடு பேசி, "சரி, இப்படிச் செய்யலாம்" என்று ஒரு முடிவுக்கு வர அவருக்கு எங்கும் இடம் இல்லை. பிரதிநிதிகள் மீதும் கட்சிகள் மீதும் பல நாடுகளில் நம்பிக்கை தேய்வதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நம்புகிறேன். தன்னை யாரும் கேட்கவே இல்லை என்று நினைப்பவர், எடுத்த முடிவு நல்லதாகவே இருந்தாலும் அதைத் தன் முடிவாக ஏற்றுக்கொள்வதில்லை.

அந்த இடத்தை உண்டாக்கும் வழிகளில் ஒன்று குடிமக்கள் அவை. மக்களிலிருந்து சிலரைக் குலுக்கலில் எடுக்கிறோம். வயது, பாலினம், படிப்பு, வசிக்கும் பகுதி ஆகியவற்றில் அந்தக் குழு மொத்த ஊரைப் போலவே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கொடுக்கிறோம். சில வார இறுதிகளில் அவர்கள் கூடிப் படிக்கிறார்கள், வல்லுநர்களைக் கேள்வி கேட்கிறார்கள், தங்களுக்குள் விவாதிக்கிறார்கள், கடைசியில் பரிந்துரைகளை எழுதி வாக்கெடுக்கிறார்கள். அப்புறம் அவை கலைந்துவிடும். பரிந்துரைகள் நாடாளுமன்றத்துக்கோ நகர்மன்றத்துக்கோ, அவையை அமைத்த வேறு எந்த அமைப்புக்கோ போகும்.

குலுக்கல் புதிய யோசனை இல்லை. பண்டைய ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் அவை குலுக்கலில்தான் அமைந்தது. பதவி ஓராண்டு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அதில் உட்கார முடியாது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். இரண்டிலும் அநீதி இருந்தது குலுக்கலுக்கு முந்தைய இடத்தில், யார் பெயர் உள்ளே போகலாம் என்பதில். ஏதென்ஸில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை. உத்திரமேரூரில் சொந்த நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாக இருந்தன. இன்றைய அவைகளில் எல்லோர் பெயரும் உள்ளே போக வேண்டும். கீழே சொல்லப்போகும் வேலைகளில் பாதி அதற்காகவே.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2004இல் தேர்தல் முறையை ஆராய இப்படி ஓர் அவையை அமைத்தது. அயர்லாந்து 2012 முதல் பல அவைகளை நடத்தியிருக்கிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஈசிடி (OECD) 2020இல் வெளியிட்ட தொகுப்பு, இதே வகைக் குலுக்கல் முறைக் கலந்தாய்வுகளில் ஏறத்தாழ 300ஐ ஆராய்ந்தது. ஆக, எது வேலை செய்கிறது, எது கவிழ்கிறது என்று சொல்லப் போதுமான அனுபவம் சேர்ந்துவிட்டது. நீங்கள் உள்ளாட்சி உறுப்பினராகவோ, அதிகாரியாகவோ, குடிமைச் சங்கம் ஒன்றில் இருப்பவராகவோ இருந்து முதல்முறை ஓர் அவையை நடத்த நினைத்தால், இந்த வரிசையில் போங்கள்.

முதலில் பதிலுக்கான வாக்குறுதி

பெரும்பாலானோர் குலுக்கலிலிருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் போக வேண்டிய இடம் வேறு. முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய் உட்காருங்கள். மேயர், நகர்மன்றம், அமைச்சர், பல்கலைக்கழக ஆட்சிக்குழு, யாராகவும் இருக்கலாம். "இவர்கள் சொல்லப்போவதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்வரை அடுத்த வேலையைத் தொடாதீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் பிரான்ஸின் அனுபவம். 2019 அக்டோபரில் அங்கே 150 பேரைக் குலுக்கலில் எடுத்துக் காலநிலைக்கான குடிமக்கள் மாநாட்டைத் தொடங்கினார்கள். 1990ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு, 2030க்குள் பசுமை இல்ல வாயுக்களைக் குறைந்தது 40 சதவீதம் குறைக்க வேண்டும், அதைச் சமூக நீதி கெடாமல் செய்வது எப்படி என்பது அவர்களுக்குக் கொடுத்த கேள்வி. பரிந்துரைகளை வடிகட்டாமல் முன்னெடுப்பதாக அதிபர் எம்மானுவேல் மக்ரோன் சொன்னார். 2020 ஜூனில் 149 பரிந்துரைகள் வந்தன. மூன்றை அவர் உடனே ஒதுக்கினார். மற்றவற்றில் பல, சட்டமாகும் வழியில் நீர்த்துப்போயின. 2021 தொடக்கத்தில் அதே உறுப்பினர்கள் மறுபடி கூடி, தங்கள் பரிந்துரைகளை அரசு எடுத்துக்கொண்ட விதத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். பத்துக்குச் சராசரி 3.3.

அந்த அவை நன்றாகவே உழைத்தது. சறுக்கல் வாக்குறுதியில். எந்த அரசாலும் காப்பாற்ற முடியாத அளவுக்குப் பெரிய வாக்கைக் கொடுத்துவிட்டார்கள். 149ஐயும் அப்படியே நிறைவேற்றுவோம் என்று சொல்வதைவிட, 149க்கும் காரணத்தோடு பதில் தருவோம் என்று சொல்லியிருந்தால் கசப்பு இவ்வளவு இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

இதை வேறு விதமாகக் கையாண்டவர்களும் உண்டு. போலந்தின் க்டான்ஸ்க் நகரில் 2016இல் பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு ஓர் அவை கூடியது. அதில் 80 சதவீத ஆதரவு பெறும் பரிந்துரைகளை நிறைவேற்றுவதாக மேயர் பாவெல் அதமோவிச் ஒப்புக்கொண்டிருந்தார். எல்லை தெளிவாக இருந்தது. பெல்ஜியத்தில் தனக்கென நாடாளுமன்றம் உள்ள தன்னாட்சிப் பகுதியான ஜெர்மன் மொழிச் சமூகம் 2019இல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே பரிந்துரைகளை நாடாளுமன்றம் விவாதித்தாக வேண்டும், ஏற்காவிட்டால் ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

எனவே எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் "ஏற்கிறோம், ஒரு பகுதியை ஏற்கிறோம், மறுக்கிறோம்" என மூன்றில் ஒரு பதிலும் அதற்கான காரணமும் எத்தனை மாதத்துக்குள் வரும் என்று இருக்கட்டும். மூன்று மாதம் நியாயமான காலம். உறுப்பினர்களுக்கு முன்னால் வந்து நின்று அந்தப் பதிலைப் படிக்கப்போவது எந்தப் பதவியில் இருப்பவர் என்றும் இருக்கட்டும். ஓராண்டு கழித்து மறுபடி கூடும் தேதியைச் சேருங்கள். ஒரு தலைவரின் கையெழுத்தோடு நிற்காமல் மன்றத் தீர்மானமாக, முடிந்தால் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றும்படி செய்யுங்கள். நடுவில் ஆட்சி மாறினாலும் வாக்குறுதி மாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அதிகாரத்தில் இருப்பவர் கடைசிவரை இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால்? அவையை நடத்தாதீர்கள். சாதாரணப் பொதுக்கூட்டமோ கருத்துக்கணிப்போ வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரின் வார இறுதிகளை வாங்கிக்கொண்டு அறிக்கையை அலமாரியில் வைத்தால், அந்த நாற்பது பேரும் அவர்கள் குடும்பத்தாரும் நண்பர்களும் இனி எந்த அழைப்பையும் நம்ப மாட்டார்கள்.

கேள்வியைச் செதுக்குவது

"நகரப் போக்குவரத்தை எப்படி மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் ஆசைப் பட்டியல்தான் கிடைக்கும். "இந்த மேம்பாலம் வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று கை தூக்குவதைத் தவிர உறுப்பினர்களுக்கு வேலை இருக்காது. "அடுத்த பத்து ஆண்டுகளில் நம் சாலைப் பரப்பை நடப்பவர்கள், சைக்கிள், பேருந்து, கார் ஆகியவற்றுக்கு எப்படிப் பங்கிட வேண்டும், அதற்கான செலவை எதிலிருந்து எடுக்க வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். இப்போது ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். விட்டுக்கொடுத்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில்தான் குடிமக்கள் அவை தன் மதிப்பைக் காட்டுகிறது.

மெல்பர்ன் மாநகரம் 2014இல் 43 பேரிடம் தன் பத்தாண்டு நிதித் திட்டத்தையே கொடுத்தது. 500 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவிலான திட்டம் அது. வரவும் செலவும் சேர்த்துக் கையில் இருந்ததால், அதிகம் வேண்டும் என்று கேட்பவர்கள் எங்கிருந்து எடுப்பது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்விக்குள் பதில் ஒளிந்திருக்கக் கூடாது. "பயனற்ற இந்த வரியை எப்படி நீக்கலாம்?" என்று எழுதினால் அவையை ஒரு பக்கம் சாய்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வரைவை இரு தரப்பிலும் தீவிரமாக இருப்பவர்களிடம் காட்டுங்கள். இருவருமே கொஞ்சம் முணுமுணுத்தபடி ஒப்புக்கொண்டால் கேள்வி சரியாக வந்திருக்கிறது. துறைக்குச் சம்பந்தமில்லாத சிலரிடமும் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் இது மருந்தில்லை. நாளைக்கே முடிவு வேண்டிய அவசர நிலைக்கும், ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்ட விஷயத்துக்கும் அவை வேண்டாம். சிறுபான்மையினரின் அடிப்படை உரிமையைப் பறிக்கலாமா என்பதையும் ஒருபோதும் கேள்வியாக வைக்கக் கூடாது.

நாள், ஆள், பணம்

உள்ளூர் விஷயத்துக்கு 30 முதல் 50 பேர் போதும். நாடு தழுவிய விஷயமென்றால் 100, 150 வரை போகலாம். ஒரே நாளில் முடித்தால் அது கருத்துக்கேட்பாக நின்றுவிடும். குறைந்தது நான்கு முழு நாட்கள் வேண்டும், கடினமான விஷயத்துக்கு ஆறு அல்லது எட்டு. நடுவில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். அந்த நாட்களில் வீட்டிலும் வேலையிடத்திலும் அவர்கள் இதைப் பற்றிப் பேசுவார்கள், கருத்து கனிவது அப்போதுதான்.

பணத்தில் எங்கே மிச்சம் பிடித்தாலும் மதிப்பூதியத்தில் பிடிக்காதீர்கள். வந்த ஒவ்வொரு நாளுக்கும் பணம், பயணச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு, தேவைப்படுவோருக்கு மொழிபெயர்ப்பும் சைகை மொழியும். இவை இல்லாவிட்டால் நேரமும் வசதியும் உள்ளவர்கள் மட்டுமே வந்து சேருவார்கள். நாள்கூலிக்காரரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் அழைப்பைப் பார்த்ததோடு சரி.

நடத்தும் குழு, அவையை அமைத்தவரிடமிருந்து விலகி நிற்க வேண்டும். பணம் தருவது நகராட்சியாக இருக்கலாம், ஆனால் யார் பேச வருகிறார்கள் என்பதை நகராட்சி தீர்மானிக்கக் கூடாது.

குலுக்கல் இரண்டு சுற்று

முதல் சுற்றில் அழைப்பு. வாக்காளர் பட்டியலிலிருந்தோ, அதைவிட நல்லதாக வீட்டு முகவரிப் பட்டியலிலிருந்தோ, குலுக்கலில் எடுத்த வீடுகளுக்குக் கடிதம் அனுப்புங்கள். வாக்காளர் பட்டியலை மட்டும் நம்பினால் புதிதாகக் குடிவந்தவர்களும், பட்டியலில் பெயர் சேர்க்காதவர்களும், இளைஞர்கள் பலரும் விடுபடுவார்கள். முகவரியே இல்லாதவர்களை எந்தப் பட்டியலும் காட்டாது. அவர்களோடு வேலை செய்யும் அமைப்புகள் வழியாக அவர்கள் பெயரையும் குலுக்கலில் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

நூறு கடிதம் போட்டால் சில பதில்தான் வரும். 2020இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழுக்கள் அமைத்த காலநிலை அவைக்கு 30,000 வீடுகளுக்குக் கடிதம் போனது, கடைசியில் அவையில் இருந்தவர்கள் 108 பேர். உங்களுக்கு 40 பேர் வேண்டுமென்றால் சில ஆயிரம் கடிதங்களுக்குத் தயாராக இருங்கள். பதில் குறைவாக வரும் பகுதிகளுக்குக் கூடுதலாக அனுப்புங்கள், அங்கே வீடு வீடாகவும் போங்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் பலருக்கு வரும் முதல் சந்தேகம், இது ஏதோ மோசடி என்பது. ஆகவே அதிகாரத்தில் இருப்பவரின் கையெழுத்து, எல்லாத் தேதிகளும், தரப்போகும் பணம், சரிபார்க்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். "இதற்கு எந்தச் சிறப்பு அறிவும் தேவையில்லை" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மிகவும் தேவைப்படுகிறவர்கள்தான் "நமக்கெல்லாம் இது எதற்கு" என்று கடிதத்தை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பதில் தந்து தயங்குபவரை ஒருவர் தொலைபேசியில் அழைத்துப் பேசினால் பெரும்பாலும் தயக்கம் போய்விடும்.

இரண்டாம் சுற்றில் தேர்வு. பதில் தந்தவர்களிடம் வயது, பாலினம், பகுதி, படிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அவை பேசப்போகும் விஷயத்தில் இப்போதைய கருத்து என்ன என்றும் கேளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், அந்த விஷயத்தில் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்களால் அறை நிறைந்துவிடும். மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள் 45 சதவீதம் என்றால் 40 இடங்களில் 18 அவர்களுடையது. முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 30 சதவீதம் என்றால் 12. பதில் தருபவர்களில் படித்தவர்கள் எப்போதும் கூடுதலாக இருப்பார்கள் என்பதால் படிப்புக் கணக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள்.

ஐந்தாறு கணக்குகளும் ஒரே நேரத்தில் பொருந்தும்படி கையால் குலுக்குவது நடக்காத காரியம். இதற்குக் கணினி முறைகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் வாய்ப்பை முடிந்தவரை சமமாக்கும் முறை ஒன்று 2021இல் நேச்சர் ஆய்விதழில் வெளியானது. அதை வைத்துச் செய்த பானலாட் என்ற இலவச இணையக் கருவி, எல்லா விகிதங்களும் பொருந்தும் ஆயிரம் குழுக்களை எண் போட்டுத் தரும். நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் மூன்று இலக்கங்களைப் பந்து குலுக்கி எடுத்தால் போதும், அந்த எண்ணுள்ள குழுதான் உங்கள் அவை. இதை நேரலையில் செய்யுங்கள். கணினிக்குள் என்ன நடந்தது என்று யாரும் முழுதாகச் சோதிக்க முடியாது, பந்து விழுவதை எல்லோரும் பார்க்கலாம். நாற்பது பேருக்கு நான்கைந்து மாற்று உறுப்பினர்களையும் எடுத்து வையுங்கள்.

நடுவில் விலகுபவருக்குப் பதிலாக ஒருவரைச் சேர்க்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். அயர்லாந்தில் 2018 தொடக்கத்தில், மாற்றாகச் சேர்ந்த ஏழு பேர் முறையான தேர்வில் வரவில்லை, ஆள் சேர்த்தவர் தனக்குத் தெரிந்தவர்கள் வழியாகத் தொலைபேசியில் பிடித்திருக்கிறார் என்று தெரியவந்தது. ஏழு பேரையும் நீக்கி, விஷயத்தை வெளிப்படையாக அறிவித்தார்கள். மறைத்திருந்தால் அந்த அவையின் எல்லா வேலையுமே சந்தேகத்துக்கு ஆளாகியிருக்கும்.

அறைக்குள்

நாற்பது பேரை வரிசையாக உட்கார வைத்து ஒலிவாங்கியைக் கொடுத்தால் ஐந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். ஏழெட்டுப் பேர் கொண்ட மேசைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நெறியாளர். அவர் வேலை, பேசாதவருக்கு இடம் உண்டாக்குவதும் பேசிக்கொண்டே இருப்பவரைப் பக்குவமாக நிறுத்துவதும். விஷயத்தில் தன் கருத்தை அவர் வாய் திறந்து சொல்லக் கூடாது. ஒவ்வொரு அமர்விலும் மேசைகளில் ஆட்களை மாற்றி அமர்த்துங்கள், கூட்டணி உருவாகாமல் இருக்கும்.

முதல் நாள் காலையில் விஷயத்துக்குள் போகாதீர்கள். பேசும் விதிகளை உறுப்பினர்களே எழுதட்டும். ஒரு வல்லுநரிடம் என்ன கேட்கலாம் என்று பழக்குங்கள். இது எப்படித் தெரியும்? யார் பணத்தில் நடந்த ஆய்வு? உங்களோடு மாறுபடுபவர் என்ன சொல்வார்? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்திருப்பவர், பெரிய பட்டங்களைக் கண்டு மிரள மாட்டார்.

வல்லுநர் பட்டியலைத் தயாரிக்க, விஷயத்தின் எல்லாத் தரப்பையும் சேர்ந்த ஓர் ஆலோசனைக் குழுவை அமையுங்கள். எதிரெதிர் முகாம்கள் இரண்டும் கையெழுத்திட்ட பட்டியல் என்றால் "ஒருதலைப்பட்சம்" என்ற குற்றச்சாட்டு எளிதில் நிற்காது. ஒருவர் பேசப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அதைவிட நீண்ட நேரம் மேசைகளில் பேசவும், எழுதி வைத்த கேள்விகளைக் கேட்கவும் விடுங்கள். பேச வருபவர்களில் சிலரையாவது உறுப்பினர்களே தேர்ந்து அழைக்க வாய்ப்பு இருக்க வேண்டும். வல்லுநர்களோடு, அந்தப் பிரச்சினையை உடம்பால் அனுபவித்தவர்களும் பேச வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தை ஆராய்ந்த அயர்லாந்து அவை மருத்துவர்களையும் சட்ட அறிஞர்களையும் கேட்டதோடு, பெண்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்ன ஒலிப்பதிவுகளையும் கேட்டது.

அரசியல்வாதிகள் உறுப்பினர்களாக இருக்கலாமா? அயர்லாந்தின் முதல் அவையில், 2012 முதல் 2014 வரை, 66 குடிமக்களோடு 33 அரசியல்வாதிகளும் உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்து பார்த்தவர்கள் பிறகு அந்தப் பரிந்துரைகளுக்காக நாடாளுமன்றத்தில் பேசினார்கள் என்பது நன்மை. பழுத்த பேச்சாளர் மேசையை எடுத்துக்கொள்வார் என்பது ஆபத்து. முதல்முறை நடத்துபவர்களுக்கு என் யோசனை: அவர்களைப் பார்வையாளர்களாக அழையுங்கள், மேசையில் உட்கார வைக்காதீர்கள்.

வல்லுநர் உரைகளும் கேள்வி பதிலும் நேரலையில் போகட்டும். மேசைப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டாம். கேமராவுக்கு முன்னால் யாரும் "நான் இதுவரை நினைத்தது தவறு" என்று சொல்ல மாட்டார்கள்.

பரிந்துரையும் வாக்கும்

பரிந்துரைகளை உறுப்பினர்கள் தங்கள் சொற்களில் எழுத வேண்டும். வாக்கியம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும். அதிகாரிகளின் நடைக்குத் திருத்தினால் உறுப்பினர்களே தங்கள் எழுத்தை அடையாளம் காண மாட்டார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஏன் என்று இரண்டு வரி, அதனால் யாருக்கு இழப்பு என்று ஒரு வரி. இரகசிய வாக்கெடுப்பு. 75 அல்லது 80 சதவீதம் தாண்டியது மட்டுமே அவையின் பரிந்துரை என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. தாண்டாதவற்றையும் வாக்கு எண்ணிக்கையோடு அறிக்கையில் சேருங்கள், மாறுபட்டவர்களின் காரணங்களையும்.

வெளியே இருப்பவர்கள்

உள்ளே நாற்பது பேர் மாறுகிறார்கள். வெளியே இருக்கும் லட்சம் பேருக்கு எதுவுமே தெரியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இடறியது இங்கேதான். 160 உறுப்பினர்கள் ஏறத்தாழ ஓராண்டு உழைத்துப் புதிய தேர்தல் முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 57.7 சதவீதம் பேர் ஆதரித்தார்கள், ஆனால் தேவைப்பட்டது 60. அவையைப் பற்றித் தெரிந்த வாக்காளர்கள் அதிகம் ஆதரித்ததாக ஆய்வாளர்கள் கண்டார்கள், தெரியாதவர்கள்தான் நிறையப் பேர் இருந்தார்கள். 2009இல் மறுபடி கேட்டபோது ஆதரவு 39 சதவீதமாக விழுந்துவிட்டது.

அயர்லாந்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2017இல் அவை கருக்கலைப்பு குறித்துப் பரிந்துரைத்தபோது, நாடு அந்த அளவுக்கு வராது என்று அரசியல்வாதிகள் பலர் நினைத்தார்கள். 2018 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அரசியலமைப்பின் தடையை நீக்க வாக்களித்தார்கள். அவைக்கும் வாக்கெடுப்புக்கும் நடுவே நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைகளை எடுத்து விவாதித்தது, ஊடகங்கள் தொடர்ந்து எழுதின, மக்களுக்குப் பழக நேரம் கிடைத்தது.

ஆக, முதல் கூட்டத்துக்கு முன்பே வெளியில் சொல்லத் தொடங்குங்கள். விரும்பும் எவரும் எழுத்தில் கருத்து அனுப்ப வழி வையுங்கள். அயர்லாந்து அவைக்குக் கருக்கலைப்பு குறித்து மட்டும் 12,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. இணையக் கருவிகளும் இங்கே உதவும். தைவானில் 2015இல் ஊபர் வகைக் கார் சேவைகளுக்கு விதிகள் வகுக்கும்போது போல்.இஸ் (Pol.is) என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒருவர் ஒரு கருத்தைப் போடலாம், மற்றவர்கள் ஏற்கிறேன், மறுக்கிறேன், கடந்துபோகிறேன் என்று மட்டும் சொல்லலாம். பதிலுக்குப் பதில் எழுத வழியே இல்லாததால் சண்டை மூட்டுபவருக்கு அங்கே வேலை இல்லை. எந்தக் கருத்துகள் எதிரெதிர்க் குழுக்களையும் இணைக்கின்றன என்பது படமாகத் தெரியும். இதை அவை கூடுவதற்கு முன் கருத்துகளைத் திரட்டப் பயன்படுத்துங்கள். அவைக்கு மாற்றாக வைக்காதீர்கள், இணையத்துக்குத் தானாக வருபவர்கள் மொத்த ஊரின் மாதிரி ஆக மாட்டார்கள்.

அறிக்கை கொடுத்த பிறகு

அறிக்கை கைமாறும் நாளில் புகைப்படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்துபோவதுதான் வழக்கம். உங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. பரிந்துரை எண், அரசின் பதில், காரணம், பொறுப்பான துறை, இன்றைய நிலை என்று ஓர் அட்டவணையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

பரிந்துரை சட்ட வரைவாக மாறும்போது சொற்களைக் கவனியுங்கள். அயர்லாந்தில் பாலினச் சமத்துவத்துக்கான அவை 2021இல், பராமரிப்புப் பணிக்கு ஆதரவு தர அரசைக் கடமைப்படுத்தும் சொற்களைப் பரிந்துரைத்தது. அரசு வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த வரைவில் அது "முயலும்" என்ற அளவில் தளர்ந்து, குடும்பத்துக்குள் நடக்கும் பராமரிப்பு என்று குறுகியது. 2024 மார்ச்சில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் அந்தத் திருத்தத்தை நிராகரித்தார்கள். தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அவையின் சொற்களை மாற்றிவிட்டு, அவையின் பெயரைச் சொல்லி ஆதரவு கேட்பது நியாயமாகாது. எந்தச் சொல் எங்கே மாறியது, யார் மாற்றினார்கள் என்று அட்டவணையில் பக்கத்திலேயே போடுங்கள்.

முதல் அவை நன்றாக முடிந்தால் அதை நிரந்தரமாக்கப் பாருங்கள். முன்பே சொன்ன பெல்ஜியத்தின் ஜெர்மன் மொழிச் சமூகத்தில், அவையில் பங்கேற்றவர்களிலிருந்து குலுக்கலில் வரும் 24 பேர் கொண்ட நிரந்தரக் குழு ஒன்று 18 மாதப் பதவிக் காலத்தோடு இயங்குகிறது. அடுத்த அவை எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அந்தக் குழுதான் தீர்மானிக்கிறது, அரசின் பதில்களையும் அதுவே தொடர்ந்து கேட்டு வாங்குகிறது. நிகழ்ச்சி நிரலை எழுதும் அதிகாரமும் குடிமக்கள் கைக்கு வருவதால், தனக்குச் சங்கடமான கேள்வியை ஆட்சி தவிர்த்துவிட முடியாது.

அது கைகூடும்வரை, ஓராண்டுக் கூட்டத்தைக் கைவிடாதீர்கள். அதற்கான அரங்கையும் உறுப்பினர்களின் மதிப்பூதியத்தையும் முதல் நாள் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு கேட்டால் அதற்கு நிதி இல்லை என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.